தேதி தவறிய கணினியும் மாதிரிக் கையொப்பமும்

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசி அடைமழையில் எங்கள் தெரு மின்மாற்றி பழுதாகி, ஒன்றரை நாள் கரண்ட் இல்லை. வந்ததும் கணினியைப் போட்டேன். மகன் வெளிநாடு போகும்போது விட்டுச்சென்ற பழைய மேசைக் கணினி. திரை வந்தது, இணையமும் வந்தது. ஆனால் எந்த முகவரியைத் தட்டினாலும் ஒரே பதில்: 'உங்கள் இணைப்பு தனிப்பட்டது அல்ல.' வங்கியைத் திறந்தால் அது, ரயில் டிக்கெட்டுக்குப் போனால் அது, மின்னஞ்சலுக்கும் அதுவே. ஓய்வூதியச் சீட்டு ஒன்றை எடுக்க வேண்டிய நேரம்.

பழுது பார்க்கும் தம்பி ஒருவரைக் கூப்பிட்டேன். வந்து, இரண்டு நிமிடம் பார்த்தார். "சார், விண்டோஸ் போயிடுச்சு. ஃபார்மட் அடிக்கணும். என்னைக் கேட்டா புதுசு ஒண்ணு வாங்கிடுங்க" என்றார். விலையும் சொன்னார். ஓய்வூதியத்தில் ஏறக்குறைய ஒரு மாதப் பணம். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் 'மேத்ரு'வுக்கு, அதாவது வாத்தியாருக்கு, ஒரு பிடிவாதம் உண்டு. நோட்டைத் திறந்ததும் முதலில் தேதி, அதன் கீழே ஒரு கோடு, அதற்குப் பிறகுதான் பாடம். தேதி இல்லாத பக்கத்தை அவர் திருத்தமாட்டார். எத்தனை நன்றாக எழுதியிருந்தாலும் சரி, பூஜ்யம்தான். அந்தப் பழக்கமோ என்னவோ, எந்தக் காகிதத்தைப் பார்த்தாலும் எனக்குக் கண் முதலில் தேதிக்குப் போகும். அன்று இரவும் அப்படித்தான் திரையின் வலது கீழ் மூலைக்குப் போனது. அங்கே 2009 ஜனவரி 1 என்று இருந்தது. அந்தத் தேதியில் நான் இன்னும் ஓய்வு பெறவே இல்லை, டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு அலுவலகம் போய்க்கொண்டிருந்தேன்!

தேதியைச் சரி செய்தேன். வங்கி திறந்தது, டிக்கெட்டும் அஞ்சலும் திறந்தன. மறுநாள் காலை மறுபடி 2009. பிறகு விசாரித்ததில்தான் தெரிந்தது: கணினியின் தாய்ப்பலகையில் ஒரு ரூபாய் நாணயம் போல ஒரு பேட்டரி இருக்கிறது, சி.ஆர். 2032 என்று பெயர், மூன்று வோல்ட். கரண்ட் இல்லாதபோது உள்ளே இருக்கும் கடிகாரம் ஓடுவது அதனால்தான். அது தீர்ந்துபோனால் கணினிக்கு ஞாபகம் தப்பிவிடும். வாட்ச் கடையில் நாற்பது ரூபாய்க்கு ஒன்று வாங்கிப் போட்டேன். அதோடு சரியாயிற்று.

கடிகாரம் தவறினால் வங்கிக்கும் ரயிலுக்கும் ஏன் கதவு சாத்த வேண்டும்? இந்தக் கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது. வேலையில்லாதவன் கையில் கேள்வி கிடைத்தால் தெரியுமே. தேடிப் படித்ததை இங்கே எழுதுகிறேன்.

கருவூலத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். ஒரு பட்டியல் நம் மேசைக்கு வருகிறது. கீழே பணம் பெற்று வழங்கும் அலுவலரின் கையொப்பம். அது அவருடையதுதானா என்று எப்படித் தெரியும்? நம்மிடம் மாதிரிக் கையொப்பம் இருக்கும், ஒப்பிட்டுப் பார்ப்போம். அலுவலர் மாறுதலாகிப் போனால், பொறுப்பேற்கும் புதியவரின் மாதிரிக் கையொப்பத்துக்குப் போகிறவர் சான்றிட்டு அனுப்புவார். ஏற்கெனவே நமக்குத் தெரிந்தவர் சொல்வதால் தெரியாதவரை ஏற்கிறோம். சான்று இல்லையா, பட்டியல் ஆட்சேபணைக் குறிப்போடு திரும்பிப் போகும். எத்தனை பேர் என்னோடு சண்டைக்கு வந்திருக்கிறார்கள்!

கணினிக்குள்ளும் இப்படி ஒரு பதிவேடு இருக்கிறது. உலகத்தில் சான்றளிக்கும் நிறுவனங்கள் பல. அவற்றில் நம்பத்தக்கவை என்று தேர்ந்தெடுத்தவற்றின் மூலச் சான்றிதழ்களை மைக்ரோசாஃப்ட் தன் பதிவேட்டில் வைத்திருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸைச் செய்யும் மொசில்லாவுக்குத் தனிப் பதிவேடு, ஆப்பிளுக்குத் தனி. நீங்கள் வங்கியின் முகவரியைத் தட்டியதும் அந்தத் தளம் தன் சான்றிதழை நீட்டுகிறது. உலாவி அதில் மூன்று காரியங்களைப் பார்க்கிறது. நீங்கள் தட்டிய பெயரும் சான்றிதழில் உள்ள பெயரும் ஒன்றா? கையொப்பமிட்டவரின் தொடர் பதிவேட்டில் உள்ள ஒருவரிடம் போய் முடிகிறதா? இன்றைய தேதி அதன் காலத்துக்குள் இருக்கிறதா? என் கணினி 2009இல் இருந்துகொண்டு, இன்றைய சான்றிதழ்களையெல்லாம் 'இன்னும் பிறக்காதவை' என்று திருப்பி அனுப்பியிருக்கிறது. அதன் கணக்கில் அது சரியாகத்தான் வேலை செய்தது. பழி விண்டோஸ் மேல் விழுந்தது.

இந்த ஏற்பாடு பழையது அல்ல. நெட்ஸ்கேப் என்ற அமெரிக்க நிறுவனம் 1995 பிப்ரவரியில் எஸ்.எஸ்.எல். என்ற முறையை வெளியிட்டது. இரண்டாம் பதிப்புதான் முதலில் வெளியே வந்தது, முதல் பதிப்பை அவர்கள் வெளியிடவே இல்லை. அங்கே தலைமை விஞ்ஞானியாக இருந்த எகிப்தியர் தாகிர் எல்கமாலை இதன் தந்தை என்று சொல்வார்கள். இன்று முகவரியின் தொடக்கத்தில் எச்.டி.டி.பி.எஸ். என்று பார்க்கிறோமே, அதன் கடைசி எழுத்து இங்கிருந்து வந்தது.

நம் நாட்டில் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது அதே ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் நாள். அந்த ஆகஸ்டிலேயே பிரான்சில் ஒரு வேடிக்கை நடந்தது. அப்போது அமெரிக்கா, வலுவான பூட்டை வெளிநாட்டுக்கு விற்கக் கூடாது என்று சட்டம் வைத்திருந்தது. உள்நாட்டுக்கு 128 பிட் சாவி, நம்மைப் போன்றவர்களுக்கு 40 பிட் சாவி. 40 பிட் என்றால் சுமார் 1,10,000 கோடி சாவிகளில் ஒன்று. கேட்க மலைப்பாக இருக்கிறது அல்லவா? இன்ரியா என்ற பிரெஞ்சு அரசு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த தமியான் தொலிழே, சுமார் 120 கணினிகளையும் இரண்டு பெரிய இயந்திரங்களையும் சும்மா இருக்கும் நேரத்தில் ஓடவிட்டு, எட்டே நாளில் சரியான சாவியைக் கண்டுபிடித்துவிட்டார். திருடுவதற்காக அல்ல, சவாலாக வெளியிடப்பட்ட ஒரு செய்தியைத் திறந்து காட்டுவதற்காக. நமக்கு இணையம் வந்த மாதமே, நமக்குக் கொடுத்த பூட்டு தகரப் பூட்டு என்று தெரிந்துபோயிற்று.

பிரெஞ்சுக்காரர்களைப் பற்றிப் பெருமையாகப் பேசத் தொடங்கிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அவர்கள் அரசாங்கம் இன்னும் மோசம். தன் குடிமக்களே வலுவான ரகசிய முறையைப் பயன்படுத்த அனுமதி வேண்டும் என்று வைத்திருந்தது. 1999இல்தான் 128 பிட் வரை தாராளமாகப் பயன்படுத்தலாம் என்று விட்டது. அமெரிக்கா 2000 ஜனவரியில் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. ஆனாலும் அந்தத் தகரப் பூட்டுகளைப் பல தளங்கள் கழற்றாமலே வைத்திருந்தன. 2015இல் இன்ரியாவைச் சேர்ந்த குழுவினர்தான் அதையும் கண்டுபிடித்துச் சொன்னார்கள். இருபது வருடம்! இன்னொன்று, கணினிக்குப் பிரெஞ்சில் 'ஓர்தினாத்தேர்' என்று பெயர். 1955இல் ஐ.பி.எம். கேட்டதற்காக சொர்போனில் லத்தீன் பேராசிரியராக இருந்த ழாக் பெரே சொன்ன பெயர். உலகை ஒழுங்குபடுத்தும் கடவுளுக்கு உரிய பழைய அடைமொழி அது என்று அவரே எழுதியிருக்கிறார். என் கணினி தேதியையே ஒழுங்காக வைத்துக்கொள்ளவில்லை என்பது வேறு.

நம் நாட்டுக்கு வருவோம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 அக்டோபர் 17 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி சான்றளிக்கும் நிறுவனங்களுக்கு உரிமம் கொடுக்கவும் மேற்பார்க்கவும் தில்லியில் ஒரு கட்டுப்பாட்டாளர் நியமிக்கப்பட்டார். அரசுத் தளங்களுக்குச் சான்றிதழ் கொடுத்துவந்த நிறுவனங்களில் ஒன்று தேசியத் தகவலியல் மையம், நாம் என்.ஐ.சி. என்று சொல்வது. கலெக்டர் அலுவலகம் போனவர்களுக்கு அந்த அறை தெரிந்திருக்கும். கட்டுப்பாட்டாளரின் மூலச் சான்றிதழ் மைக்ரோசாஃப்டின் பதிவேட்டில் இருந்தது, மொசில்லாவின் பதிவேட்டில் இல்லை. ஆகவே அந்தச் சான்றிதழ் உள்ள அரசுப் பக்கம் ஒன்றை ஃபயர்ஃபாக்ஸில் திறந்தால் எச்சரிக்கை வரும். பலர் என்ன செய்தோம்? 'மேம்பட்டவை' என்பதை அழுத்தி, 'தொடர்க' என்பதை அழுத்தி, உள்ளே போனோம். அரசாங்கத் தளம்தானே, என்ன ஆகிவிடும்?

2014 ஜூலை 2ஆம் தேதி கூகுள் நிறுவனம் ஒன்றைக் கவனித்தது. தன்னுடைய முகவரிகளுக்கு, தான் கேட்காமலே, என்.ஐ.சி.யின் கையொப்பத்தோடு சான்றிதழ்கள் வெளியாகியிருந்தன. அதாவது யாரோ ஒருவர் கையில், "நான்தான் கூகுள்" என்று சொல்லிக்கொள்ள அரசு முத்திரை போட்ட காகிதம். மறுநாளே கட்டுப்பாட்டாளர் அந்த மையத்தின் இடைநிலைச் சான்றிதழ்களை ரத்து செய்தார். விசாரணையில், சான்றிதழ் வழங்கும் முறைக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள் என்றும், ஜூன் 25 முதல் நான்கு போலிகள் வெளியாகியுள்ளன என்றும், மூன்று கூகுளுடையவை, ஒன்று யாகூவுடையது என்றும் தெரிவிக்கப்பட்டது. அந்த நான்கில் சேராத போலிகளும் தங்களுக்குத் தெரியும் என்று கூகுள் பதில் சொன்னது. அதன் பிறகு தன் குரோம் உலாவியில் இந்தியக் கட்டுப்பாட்டாளரின் கையொப்பத்தைச் சில இந்திய முகவரிகளுக்கு மட்டும் செல்லும் என்று குறுக்கிவிட்டது. மைக்ரோசாஃப்டும் ஜூலை 10இல் அந்தச் சான்றிதழ்களை நீக்கியது. நம் அரசாங்கத்தின் கையொப்பத்தை வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று 'இந்த வட்டாரத்துக்கு மட்டும்' என்று எழுதி வைத்தது எனக்கு அப்போது கோபத்தைத் தந்தது. இப்போது யோசித்தால், நான் அந்த நாற்காலியில் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

அடுத்தது 2021 செப்டம்பர் 30. லெட்ஸ் என்கிரிப்ட் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. இலவசமாகச் சான்றிதழ் கொடுக்கிறது, 2015 டிசம்பரில் பொதுமக்களுக்குத் திறந்தது. ஆரம்பத்தில் அதை யாருக்கும் தெரியாது. ஆகவே பதிவேட்டில் ஏற்கெனவே இருந்த ஒரு பழைய மூலச் சான்றிதழ் அதற்குச் சான்றிட்டது. நான் மேலே சொன்ன மாதிரிக் கையொப்பக் கதையேதான், போகிறவர் வருகிறவருக்குச் சான்றிடுவது. அந்தப் பழையவர் அந்த செப்டம்பர் 30ஆம் தேதி ஓய்வு பெற்றார். பதிவேட்டைப் புதுப்பித்து வைத்திருந்த கணினிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. வருடக்கணக்காகப் புதுப்பிக்காத விண்டோஸ் 7, பழைய மேக், பழைய ஐஃபோன் வைத்திருந்தவர்களுக்குக் காலையில் எழுந்தால் பல தளங்கள் திறக்கவில்லை. கணினியில் பழுதில்லை, தளத்திலும் பழுதில்லை. இந்த முறை புதிய அதிகாரியின் கையொப்பம் அவர்களுடைய பதிவேட்டில் இல்லை, அவ்வளவுதான்.

பூட்டின் ரகமும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. எஸ்.எஸ்.எல். போய், டி.எல்.எஸ். என்று பெயர் மாறி, அதன் முதல் இரண்டு பதிப்புகளையும் 2020இல் உலாவிகள் கைவிட முடிவு செய்தன. அதிலும் ஒரு கூத்து. அந்த மார்ச்சில் கொரோனா வந்தது. நோய்த் தகவல் தரும் சில அரசுத் தளங்கள் இன்னும் பழைய பூட்டிலேயே இருந்ததால், ஃபயர்ஃபாக்ஸ் தான் அடைத்த கதவைக் கொஞ்ச காலம் மறுபடி திறந்துவிட வேண்டியதாயிற்று. அரசாங்கங்கள் எங்கும் ஒன்றுதான்.

இத்தனையும் எனக்கு வெறும் பொழுதுபோக்காக இல்லாமல் போனதற்குக் காரணம் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு அக்கா. தலைமையாசிரியராக இருந்தவரின் மனைவி, எண்பதைத் தாண்டியவர், குடும்ப ஓய்வூதியம் வாங்குகிறார். பல வருடங்களாக ஒரு கணினிக் கடையில் போய்ச் சீட்டு எடுப்பார். அங்கே எச்சரிக்கைப் பக்கம் வரும்போதெல்லாம் பையன், "ஒண்ணுமில்ல ஆச்சி, இங்க அழுத்தி இங்க அழுத்தினா வந்துடும்" என்று அழுத்துவான். பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்து அதை அவரும் படித்துக்கொண்டார். பேரன் ஃபோன் வாங்கிக் கொடுத்தான். ஒருநாள் வங்கிக் கணக்கு முடங்கிவிடும் என்று ஒரு குறுஞ்செய்தி, அதில் ஒரு சுட்டி. தொட்டார். முழுச் சிவப்பாக ஒரு திரை வந்து தடுத்தது. இது வேறு எச்சரிக்கை. தேதி முடிந்த சான்றிதழைப் பற்றியது அல்ல, 'இது ஏமாற்றுத் தளம்' என்று பெயர் சொல்லியே தடுப்பது. அக்காவுக்கு எல்லாம் ஒன்றுதான். அங்கே அழுத்தி, இங்கே அழுத்தி, உள்ளே போய், அட்டை எண், ஓ.டி.பி. எல்லாம் கொடுத்துவிட்டார். இருபத்திரண்டாயிரம் ரூபாய். 1930க்கு மறுநாள்தான் அழைத்தோம். அன்றே அழைத்திருக்க வேண்டும், ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. சில மாதம் கழித்து ஒரு பகுதி திரும்பி வந்தது.

கடைப் பையனை நான் குறை சொல்லவில்லை. வந்தவர்களுக்கு வேலை நடக்க வேண்டும் என்று பார்த்தான். சான்றிதழைப் புதுப்பிக்க மறந்த அலுவலகங்களும், 'தொடர்க' என்று அழுத்திப் பழகிய என் போன்ற படித்தவர்களும் சேர்ந்துதான் அந்த விரலுக்கு அந்தப் பழக்கத்தைக் கற்றுக் கொடுத்தோம். ஆட்சேபணைக் குறிப்பைப் படிக்காமல் பட்டியலைப் பாஸ் செய்த கருவூல எழுத்தரை என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும்.

அதனால் இப்போது தெருவில் யார் கூப்பிட்டாலும் நான் முதலில் தேதியைத்தான் பார்க்கிறேன், வருடம் உட்பட. எல்லாத் தளமும் திறக்கவில்லை என்றால் பெரும்பாலும் அதுதான். ஒரே ஒரு தளம் மட்டும் மறுத்தால், வைஃபையை நிறுத்திவிட்டு ஃபோனில் அதே முகவரியைத் திறந்து பார்க்கச் சொல்வேன். அங்கேயும் மறுத்தால் தவறு அவர்களுடையது. அவர்கள் புதுப்பிக்கட்டும், நாம் நாளை போகலாம், பணம் சம்பந்தப்பட்ட இடம் என்றால் 'தொடர்க' வேண்டவே வேண்டாம். ஃபோனில் திறந்து வீட்டுக் கணினியில் மட்டும் மறுத்தால், கணினியோ உலாவியோ வயதானது. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14இலும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14இலும் மைக்ரோசாஃப்ட் ஆதரவை முடித்துவிட்டது. சில வைரஸ் தடுப்பு மென்பொருள்களும் இந்த வேலையைச் செய்யும். நடுவில் உட்கார்ந்து தபாலைப் பிரித்துப் பார்த்து, தன் முத்திரையைப் போட்டு நம்மிடம் கொடுப்பவை அவை. தங்கும் விடுதி, ரயில் நிலைய வைஃபையில் மட்டும் தகராறு என்றால், அவர்களுடைய நுழைவுப் பக்கத்தில் இன்னும் எண்ணைக் கொடுத்திருக்க மாட்டீர்கள். திரையிலேயே ஒரு ஃபோன் நம்பர் போட்டு 'உடனே அழையுங்கள்' என்று வந்தால் அழைக்க வேண்டாம்.

பூட்டுப் படம் இருந்தால் நல்லவர் என்றும் அர்த்தமில்லை. தட்டிய முகவரியோடுதான் பேசுகிறீர்கள், நடுவில் யாரும் கேட்கவில்லை என்று மட்டும்தான் அது சொல்லும். அந்த முகவரியே திருடனுடையது என்றால், திருடனோடு ரகசியமாகப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள்! ஜனங்கள் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்றுதான் 2023 செப்டம்பரில் குரோம் அந்தப் பூட்டையே எடுத்துவிட்டு வேறு சின்னம் வைத்தது. ரிசர்வ் வங்கி இப்போது வங்கிகளுக்கெல்லாம் 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியும் தனி முகவரி கொடுத்து, 2025 அக்டோபர் 31க்குள் மாறச் சொன்னது. வங்கிப் பக்கத்தைத் திறந்ததும் நான் அந்த வாலைத்தான் பார்க்கிறேன்.

சான்றிதழ்களின் ஆயுளும் குறைகிறது. முன்பு அதிகபட்சம் 398 நாளாக இருந்தது. 2026 மார்ச் 15 முதல் 200, அடுத்த ஆண்டு அதே தேதி முதல் 100, 2029 மார்ச் 15 முதல் 47 நாள். நமக்கு வருடத்துக்கு ஒரு முறை உயிரோடு இருக்கிறேன் என்று காட்டினால் போதும். இந்தத் தளங்கள் ஒன்றரை மாதத்துக்கு ஒரு முறை நேர்காணலுக்கு வர வேண்டும். மறக்கிற அலுவலகங்கள் இன்னும் அதிகமாக மறக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

போன வாரம் அக்கா ஃபோனோடு வந்தார். ஏதோ பக்கம் திறக்கவில்லை. "தம்பி, நான் எதையும் அழுத்தல, அப்படியே எடுத்துட்டு வந்துட்டேன்" என்று திரையைக் காட்டினார். பார்த்தேன். தேதி சரியாக இருந்தது. என் ஃபோனிலும் திறந்து பார்த்தேன், அதே எச்சரிக்கை. அந்தத் தளத்தின் சான்றிதழ் முந்தின நாள் நள்ளிரவோடு முடிந்திருந்தது. "தப்பு நம்மது இல்லக்கா, அவங்கது. ரெண்டு நாள் கழிச்சுப் பார்ப்போம்" என்றேன். ஃபோனை மூடி இடுப்பில் செருகிக்கொண்டு, வந்ததற்கு ஒரு காபி குடித்துவிட்டுப் போனார்.